கிரேடு போட்ட பழைய பேஸ்பால் கார்டு: முதல் கார்டு வாங்கும் முன்

2022 ஆகஸ்டில் ஒரு பேஸ்பால் கார்டு 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் மிக்கி மேன்டிலின் படம் போட்டு 1952-ல் டாப்ஸ் கம்பெனி அச்சடித்த கார்டு அது. விற்றவர் அதை 1991-ல் 50,000 டாலருக்கு வாங்கியிருந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 31 வருடம், வருடத்துக்குக் கூட்டு வளர்ச்சி 19 சதவீதத்துக்கும் மேல். இந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் பாதிப் பேர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான்.

வந்த பிறகுதான் செய்தியின் மறுபாதி உறைத்தது. 1991-ல் 50,000 டாலர் என்றால் இரண்டு மூன்று புதுக் கார் வாங்கும் பணம். அதை ஒரு அட்டைத்துண்டில் போட்டுவிட்டு 31 வருடம் விற்காமல் இருந்திருக்கிறார். நீங்களும் நானும் அவர் இல்லை. நமக்குத் தேவை வேறு கணக்கு: இருநூறு, ஐந்நூறு, ஆயிரம் டாலருக்கு ஒரு கார்டு வாங்கினால், பத்துப் பதினைந்து வருடம் கழித்து அதற்கு ஆள் இருப்பார்களா? பெரும்பாலும் இருப்பார்கள், சரியான கார்டாக இருந்தால். சரியான கார்டு எது என்பதில்தான் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுகிறார்கள். கார்டின் நிலையைச் சோதித்து 1 முதல் 10 வரை எண் (அதுதான் கிரேடு) கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் கம்பெனிகள் உண்டு. எல்லோரும் முதலில் பார்ப்பது அந்தப் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணை. நான் அந்த எண்ணைக் கடைசியாகப் பார்க்கச் சொல்வேன்.

பழையது என்றால் எவ்வளவு பழையது?

சேகரிப்பவர்கள் 'வின்டேஜ்' என்று சொல்வது ஏறக்குறைய 1980 வரை வந்த கார்டுகளை. அதற்குள்ளும் இரண்டு உலகம் உண்டு.

முதலாவது, இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது. சிகரெட் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டை வைப்பார்கள். அதில் ஆட்டக்காரர் படத்தைப் போட்டு வியாபாரத்தையும் பெருக்கிக்கொண்டார்கள். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட டி206 வரிசை இதில் தலையாயது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட கார்டுகள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்டத் தீப்பெட்டிப் படம் அளவுக்குச் சின்னது. பின்பக்கத்தில் சிகரெட் பிராண்டின் விளம்பரம். முன்பக்கப் படம் ஒன்றாகவே இருந்தாலும் பின்பக்கப் பிராண்டைப் பொறுத்து விலை மாறும். பீட்மான்ட், ஸ்வீட் கேப்பரல் இரண்டும் சாதாரணம், மற்ற சில பிராண்டுகள் அரிது.

அப்புறம் 1933-ல் கவுடி சூயிங் கம் கார்டுகள் வந்தன. அந்தக் காலத்துப் பெரிய நட்சத்திரம் பேப் ரூத்துக்கு மட்டும் அந்த ஒரே வரிசையில் நான்கு கார்டு. இன்னொரு வேடிக்கை, அந்த வருடம் 106-ஆம் எண் கார்டை அவர்கள் வெளியிடவே இல்லை. பையன்கள் அதைத் தேடித் தேடி கம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் 1934-ல் பழைய ஆட்டக்காரர் நாப் லாஜவே படம் போட்ட 106-ஐ தபாலில் அனுப்பினார்கள். இன்று அது லட்சாதிபதிகளின் கார்டு.

இரண்டாவது உலகம் போருக்குப் பிந்தையது: 1948-லிருந்து போமன் கம்பெனி, 1951-லிருந்து டாப்ஸ். 1956-ல் டாப்ஸ் போமனையே வாங்கிவிட்டது. அதன் பிறகு 1980 வரை சந்தை ஏறத்தாழ டாப்ஸ் கையில்தான். புதிதாக வருபவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும். அளவு, வடிவம், விலை விவரம் எல்லாம் தெளிவாகக் கிடைக்கும் காலம் இது.

1980-களின் பின்பாதி, 1990-களின் தொடக்கம் பக்கம் போகாதீர்கள். 'பழைய கார்டு விலை போகிறது' என்று அமெரிக்கா முழுக்கத் தெரிந்துவிட்ட காலம் அது. கம்பெனிகள் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளின, மக்கள் ஒன்றைக்கூடக் குப்பையில் போடாமல் பத்திரப்படுத்தினார்கள். அதனாலேயே பெரும்பாலானவற்றுக்கு இன்று மதிப்பில்லை. 1952 கார்டுக்கு மதிப்பு வந்ததே யாரும் அதைப் பத்திரப்படுத்தாததால்தான். விற்காமல் தேங்கிய 1952 கார்டுப் பெட்டிகளை 1960-ல் ஒரு படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அவற்றை வடிவமைத்த டாப்ஸ் ஊழியர் சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஆளைப் பாருங்கள், அப்புறம் அட்டையை

அந்த 1952 மேன்டில் அரிய கார்டு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது அதன் வரிசையிலேயே அரிதானதல்ல. அந்த வருடத்துக் கடைசித் தொகுப்பு, 311 முதல் 407 வரை, சீசன் முடியும் நேரத்தில் வந்ததால் சரியாக விற்கவில்லை. அதனால் அந்தத் தொகுப்பு முழுவதுமே குறைவு. ஆனால் அதற்குள் மேன்டில், ஜாக்கி ராபின்சன், பாபி தாம்சன் மூவரின் கார்டுகளும் அச்சுத்தாளில் இரண்டிரண்டு முறை இடம்பெற்றவை. அதாவது அதே தொகுப்பில் இருக்கும் பெயர் தெரியாத ஆட்டக்காரரின் கார்டு மேன்டிலைவிட எண்ணிக்கையில் குறைவு. விலையோ மேன்டிலுக்குப் பக்கத்திலேயே வராது. கிரேடு போடும் கம்பெனியான பிஎஸ்ஏ மட்டுமே இந்த மேன்டில் கார்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பார்த்து எண் கொடுத்திருக்கிறது. அவ்வளவு இருந்தும் கிழிந்து மடங்கிய பிஎஸ்ஏ 1 கூட ஐந்து இலக்கத் தொகைக்குப் போகிறது. இன்னொன்று, இது மேன்டிலின் முதல் கார்டும் இல்லை. முதல் கார்டு 1951 போமன். ஆனாலும் மக்கள் மனதில் பதிந்த படம் 1952 டாப்ஸ்தான்.

ஆக, அரிது என்பதைவிட 'எத்தனை பேர் இதைத் தேடுகிறார்கள்' என்பதே பெரிது. பழைய நட்சத்திரம் ஹோனஸ் வாக்னரின் டி206 கார்டில் இரண்டும் சேர்ந்துகொண்டன. பாதியில் நிறுத்தப்பட்ட கார்டு அது. இன்று தெரிந்தவரை ஐம்பது, அறுபதுதான் இருக்கும். அதில் எஸ்ஜிசி என்ற இன்னொரு கிரேடு கம்பெனியிடம் 2 வாங்கிய ஒன்று, அதாவது நன்றாகத் தேய்ந்த ஒன்று, 2022-ல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

நம் கைக்கு எட்டும் பெயர்கள் என்றால் வில்லி மேஸ், ஹேங்க் ஆரன், ராபர்ட்டோ கிளமென்டே, ஜாக்கி ராபின்சன், சேன்டி கோஃபாக்ஸ், நோலன் ரயன். இவர்களின் முதல் கார்டு விலை கூடுதல்தான் (ஆரனுக்கு 1954 டாப்ஸ், கிளமென்டேவுக்கு 1955, ரயனுக்கு 1968). ஆனால் இவர்கள் ஆடிய காலத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் ஒரு கார்டாவது வந்திருக்கிறது. நடுவில் வந்த வருடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். என் முதல் கார்டு 1960-களின் கிளமென்டே. ஆடி முடித்தபோது சரியாக 3,000 ஹிட், 1972 டிசம்பர் 31 அன்று நிகராகுவா நிலநடுக்கத்துக்கு உதவிப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தவர். ஒரு தலைமுறைக்கே மறக்காத பெயர். ஆனால் என் கார்டில் 'பாப் கிளமென்டே' என்று இருக்கிறது. 1957 முதல் 1969 வரை டாப்ஸ் அவர் பெயரை அப்படித்தான் போட்டது. அலுவலகத்தில் பெயரைப் பாதியாக வெட்டிக் கூப்பிடப்படும் நம்மவர்களுக்கு அந்தக் கார்டு கூடுதலாகவே பிடிக்கும்.

புதியவர் செய்யும் பெரிய தவறு, 'பிஎஸ்ஏ 9' என்ற எண்ணுக்கு மயங்கி யாருக்கும் தெரியாத ஆட்டக்காரரை முந்நூறு டாலருக்கு வாங்குவது. அதே முந்நூறில் மேஸ் ஆடிய காலத்துக் கார்டு ஒன்று 3, 4 கிரேடில் கிடைக்கும். பதினைந்து வருடம் கழித்து விற்கப் போனால் மேஸ் கார்டுக்குப் பத்துப் பேர் வருவார்கள். மற்றதற்கு, முழு செட்டையும் உயர்ந்த கிரேடில் சேர்க்கும் ஓரிருவர் மட்டும்தான். அவர்கள் கையில் அது ஏற்கெனவே இருந்தால் அதுவும் போச்சு.

அந்த எண் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

கார்டைக் கம்பெனிக்கு அனுப்பினால் அங்கே இருப்பவர்கள் அது உண்மையானதா, வெட்டு, சாயம் ஏதும் பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு நான்கு முனை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் விழுந்திருக்கிறதா என்பதைப் பார்த்து 1 முதல் 10 வரை எண் கொடுத்து, ஒட்டி மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பெட்டிக்குத்தான் ஸ்லாப் என்று பெயர். பிஎஸ்ஏ 1991-ல் தொடங்கியது, எஸ்ஜிசி 1998-ல். பெக்கெட்டும் உண்டு, ஆனால் அதைப் பழைய கார்டுகளைவிடப் புதிய கார்டுகளில் அதிகம் பார்க்கலாம். எஸ்ஜிசியை 2024-ல் பிஎஸ்ஏவின் தாய் நிறுவனமே வாங்கிவிட்டது. பொதுவாக பிஎஸ்ஏ ஸ்லாபுக்கு விலை சற்றுக் கூடுதல். ஆனால் மேலே சொன்ன மேன்டில், வாக்னர் இரண்டுமே எஸ்ஜிசி ஸ்லாபில் இருந்தவை. எனவே பழைய கார்டில் எஸ்ஜிசியைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். நான் வாங்கியதில் பாதி, கறுப்புச் சட்டத்துக்குள் இருக்கும் எஸ்ஜிசிதான். டி206-க்கு அது தனி அழகு.

எண்ணுக்குப் பதில் 'ஆதென்டிக்' என்று மட்டும் போட்டிருந்தால் கார்டு அசல், ஆனால் பெரும்பாலும் எண் கொடுக்க முடியாதபடி ஏதோ செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எண்ணுக்குப் பக்கத்தில் ஓசி என்ற எழுத்துகள் இருந்தால் படம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது, எம்கே என்றால் பேனாக் கிறுக்கல், எஸ்டி என்றால் கறை. இவை விலையை நன்றாகக் குறைக்கும்.

இனி முக்கியமான விஷயம். ஒரே எண் வாங்கிய இரண்டு கார்டு ஒன்றுபோல் இருக்காது. ஒரு பிஎஸ்ஏ 4-ல் முனைகள் மழுங்கி, படம் மட்டும் நடுவில், நிறம் மங்காமல் பளிச்சென்று இருக்கும். இன்னொரு 4-ல் முனைகள் கூராக, நடுவில் மயிரிழை போல ஒரு மடிப்பு. மூன்றாவதில் முன்பக்கம் அருமை, பின்பக்கம் ஆல்பத்தில் ஒட்டியிருந்த லேசான தடம். பிய்க்கும்போது தாளும் சேர்ந்து உரிந்திருந்தால் எண் 1-க்கே போய்விடலாம். முன்பக்கம் மட்டும் பார்த்தால் 5 என்றே சொல்லத் தோன்றும் பிஎஸ்ஏ 1-கள் இப்படித்தான் வருகின்றன. குண்டூசி ஓட்டையும் அப்படியே: ஒரு பையன் 1955-ல் சுவரில் குத்தி வைத்திருப்பான், அதற்கு இன்று 1.5. கையில் பணம் குறைவாக இருந்தால் இவற்றைத்தான் தேட வேண்டும். சுவரில் மாட்டினால் யாருக்கும் பின்பக்கம் தெரியப் போவதில்லை.

டாப்ஸ் கார்டுக்கு நான் முதலில் பார்ப்பது நான்கு பக்க வெள்ளை ஓரம்தான். இடது ஓரமும் வலது ஓரமும் ஏறத்தாழ சமமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. 1971 டாப்ஸ் கறுப்பு ஓரம் போட்டது. சின்ன உரசலுக்கே வெள்ளை எட்டிப் பார்க்கும், ஆகவே அந்த வருடம் 7 வாங்குவதே பெரிய விஷயம். ஒரு செட்டின் முதல் எண் கார்டும் கடைசி எண் கார்டும் நல்ல நிலையில் கிடைப்பதில்லை, ஏன் தெரியுமா? பையன்கள் எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டுவிடுவார்கள். தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1952 டாப்ஸின் முதல் எண்ணான ஆன்டி பாஃப்கோ மேன்டில் அளவுக்குப் பெரிய நட்சத்திரம் இல்லை, ஆனால் நல்ல நிலையில் கிடைத்தால் அவர் கார்டின் விலையைக் கேட்டுத் தலை சுற்றும்.

எண்ணைக் கண்ணை மூடி நம்பக் கூடாது என்பதற்கு பிஎஸ்ஏவின் முதல் கார்டே சாட்சி. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவர் ஆடிய அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் சேர்ந்து 1991-ல் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கிய வாக்னர் கார்டு அது. பிஎஸ்ஏ 8 வாங்கியது, பதிவு எண் ஒன்று. 2007-ல் 28 லட்சம் டாலருக்கு அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியின் உரிமையாளர் கென் கென்ட்ரிக்கிடம் போனது. ஏல நிறுவனம் நடத்திவந்த பில் மாஸ்ட்ரோ, தன் மேல் இருந்த மோசடி வழக்கில் 2013-ல், அந்தக் கார்டின் ஓரத்தைத் தானே வெட்டிச் சீராக்கியதாக ஒப்புக்கொண்டார். உலகத்தின் ஆகப் பிரபலமான கார்டில், கிரேடு போட்ட கம்பெனியின் முதல் கார்டில் நடந்தது இது.

விலை பார்ப்பது

விற்பவர் கேட்கும் விலை விலையே அல்ல. ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டிப் பாருங்கள். பேரம் பேசி முடிந்தவற்றின் உண்மைத் தொகை அங்கே தெரியாது. 130பாயின்ட் என்ற இலவசத் தளத்தில் தெரியும். ஒரே கார்டு, ஒரே கிரேடு, கடைசி ஐந்தாறு விற்பனை: இவ்வளவு போதும். ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் தள்ளிவிடுங்கள்.

அதோடு, அந்தக் கார்டில் எந்த கிரேடில் எத்தனை இருக்கின்றன என்ற கணக்கைக் கம்பெனிகள் இணையத்தில் வெளியிடுகின்றன. இது பயனுள்ளதுதான், ஆனால் இரண்டு ஓட்டை இருக்கிறது. கூடுதல் எண் கிடைக்கும் என்று ஸ்லாபை உடைத்து மறுபடி மறுபடி அனுப்புகிறவர்களால் ஒரே கார்டு மூன்று முறை எண்ணப்பட்டிருக்கலாம். இன்னொன்று, பரணிலிருந்து புதையல் கிளம்பும். 2012-ல் ஒஹையோவின் டிஃபையன்ஸ் ஊரில் ஒரு வீட்டுப் பரணில் நூறு வருடப் பழைய மிட்டாய்க் கார்டுகள் சுமார் 700 கிடைத்தன, புதிது போல. அதற்கு முந்தின நாள் வரை அந்த வரிசையில் 'உலகத்திலேயே சிறந்தது' வைத்திருந்தவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். உச்ச கிரேடுக்கு உச்ச விலை கொடுப்பதில் உள்ள ஆபத்து இதுதான். நடுத்தர கிரேடுக்கு இந்தப் பயம் குறைவு.

2020, 2021-ல் ஊரடங்கு நேரத்தில் எல்லா விலையும் தாறுமாறாக ஏறியது. 2021 மார்ச்சில் பிஎஸ்ஏ வந்து குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பெரும்பாலான சேவைகளுக்குப் புதிய கார்டுகளை ஏற்பதையே சில காலம் நிறுத்தியது. பேஸ்பால் இல்லை என்றாலும் உதாரணத்துக்குச் சொல்கிறேன்: கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானுக்கு ஃபிளியர் கம்பெனி 1986-ல் போட்ட கார்டு, பிஎஸ்ஏ 10, 2021 ஜனவரி இறுதியில் 7 லட்சத்து 38 ஆயிரம் டாலர். அடுத்த வருடம் சுமார் 2 லட்சம். பழைய பேஸ்பால் கார்டும் இறங்கியது, ஆனால் இப்படிச் சரியவில்லை. எந்தக் கார்டின் விலை வரைபடத்தைப் பார்த்தாலும் அந்த இரண்டு வருட மேட்டை மறைத்துவிட்டுப் பாருங்கள்.

ஸ்லாபையும் சோதியுங்கள்

போலி ஸ்லாபும் உண்டு. பெட்டியில் இருக்கும் பதிவு எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டால் கார்டு விவரமும் பல நேரம் படமும் வரும். அந்தப் படத்தையும் உங்கள் கார்டையும் ஒப்பிடுங்கள்: ஓரத்தில் இருக்கும் புள்ளி, மூலை மழுங்கல் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். எண் ஒத்துப்போனால் மட்டும் போதாது, உண்மையான எண்ணைத்தான் திருடிப் போலியில் அடிப்பார்கள். பெட்டியின் ஓரம் உடைத்து ஒட்டியது போல வெளுத்திருந்தால் கீழே வைத்துவிட்டு நகருங்கள்.

கிரேடு போடாத கார்டை நாமே அனுப்பலாமா?

முதல் வருடம் வேண்டாம். ஒரு கார்டு கண்காட்சியில் 1960-களின் கார்டு ஒன்றைப் பார்த்தேன். முனைகள் கத்தி போல. விற்றவர் 'நிச்சயம் 7 வரும்' என்றார். வாங்கி, கட்டணம் கட்டி அனுப்பினேன். எண்ணே இல்லாமல் திரும்பி வந்தது, ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதாம். அப்புறம்தான் அளவுகோலை எடுத்தேன். 1957 முதல் வந்த டாப்ஸ் இரண்டரைக்கு மூன்றரை அங்குலம் இருக்க வேண்டும். என்னுடையது மயிரிழை குறைவு. நாலு காசு அளவுகோல் செய்திருக்க வேண்டிய வேலை. அறுபது வருடப் பழைய அட்டையின் முனை கத்தி போல் இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

மறுபதிப்பைக் கண்டுபிடிக்க ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். அசலில் கறுப்பு எழுத்துகள் புள்ளி இல்லாமல் ஒரே கறுப்பாக இருக்கும். ஸ்கேன் செய்து அடித்ததில் எழுத்தும் புள்ளி புள்ளியாகச் சிதறித் தெரியும். டாப்ஸே 1983-ல் 1952 வரிசையை மறுபதிப்புச் செய்தது. அது அளவில் சின்னது, பின்பக்கம் மறுபதிப்பு என்று எழுதியிருக்கும். பீட் ரோஸின் 1963 கார்டில் போலிகள் ஏராளம், அதை ஸ்லாப் இல்லாமல் தொடவே வேண்டாம்.

இடையில் கரையும் பணம்

ஏலத்தில் நீங்கள் 1,000 டாலருக்குக் கூப்பிட்டு ஜெயித்தால் வாங்குபவர் கட்டணம் 20 சதவீதம் சேர்ந்து 1,200 ஆகும். சில வருடம் கழித்து இணையத்தில் 1,500-க்கு விற்றால், தளத்தின் கழிவு 13 சதவீதம் போனால் கையில் 1,305. ஐந்நூறு லாபம் என்று நினைத்தது 105 ஆகிவிட்டது, அதிலும் தபால், காப்பீடு இன்னும் கழிக்கவில்லை. அமெரிக்காவில் வரி கட்டுபவராக இருந்தால் இன்னொன்று: சேகரிப்புப் பொருளை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றாலும் லாபத்துக்கு வரி 28 சதவீதம் வரை போகலாம், பங்குச் சந்தைக்கு இருக்கும் குறைந்த விகிதம் இதற்குக் கிடையாது. வாங்கிய ரசீதை வையுங்கள்.

ஆகவே இரண்டு மூன்று வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் இதில் இறங்காதீர்கள். வந்து போகும் செலவை ஏறும் விலை தாண்டுவதற்கே பல வருடம் பிடிக்கும். அதே காரணத்தால்தான் இருபது கார்டை ஐம்பது ஐம்பது டாலருக்கு வாங்குவதைவிட ஒரு கார்டை ஆயிரத்துக்கு வாங்கச் சொல்கிறேன். ஒரு தபால், ஒரு பேரம், விற்கும்போது ஒரே தலைவலி.

வைத்துக்கொள்வது

ஸ்லாப் தண்ணீர் புகாத பெட்டி இல்லை. வெயில் படாத, ஈரம் இல்லாத அலமாரி போதும். நிலவறையும் பரணும் ஆகாது. ஸ்லாபில் கீறல் விழாமல் மெல்லிய உறை போடுங்கள். பல ஆயிரம் டாலர் மதிப்பு ஆனதும் வீட்டுக் காப்பீட்டில் இது அடங்குமா என்று கேளுங்கள், பெரும்பாலும் முழுதாக அடங்காது, தனிக் காப்பீடு எடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு வேலை, இதை எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். எந்தக் கார்டு, என்ன பதிவு எண், எப்போது எவ்வளவுக்கு வாங்கியது, விற்க வேண்டி வந்தால் யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். என் மனைவிக்கு பேஸ்பாலில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதுகூடத் தெரியாது. ஆனால் அலமாரியின் இரண்டாம் தட்டில் நீலக் கோப்பில் அந்தத் தாள் இருக்கிறது என்பது தெரியும். 'பாப் கிளமென்டேவை மட்டும் விற்க வேண்டாம்' என்று அதில் கடைசி வரியாக எழுதியிருக்கிறேன்.